பதினோரு பேருக்குத் தெரிந்த நம்பர்

நாகேஸ்வரியக்காவிடம் வயதைக் கேட்கலாம், சொல்லுவார். சுகர் எவ்வளவு என்று கேட்கலாம், காலையில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு என்று பிரித்தே சொல்லுவார். போன் நம்பரை மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால் "என்ன விஷயமா?" என்று ஒரு கேள்வி வரும். விஷயத்தைச் சொன்னால், "அதை இப்ப நேரிலயே சொல்லிப்போட்டியளே, பிறகேன் நம்பர்?" என்று கதையை முடித்துவிடுவார்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டின் கீழ்ப்பக்க அனெக்ஸில் அவர் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்காரி நான். எனக்கே அந்த நம்பர் கிடைக்க ஒரு வருஷமும் நாலு மாதமும் பிடித்தது. அதுவும் ஒருநாள் அவருடைய குளியலறைக் குழாய் வெடித்து முற்றமெல்லாம் தண்ணீர் ஓட, அவர் கோயிலுக்குப் போய்விட, நான் வேலைக்குப் போகாமல் வாளியோடு நின்றதற்குக் கிடைத்த பரிசு. ஒரு துண்டில் எழுதித் தருவார் என்று பார்த்தேன். இல்லை. வாயால் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்ல வைத்து, "போனில சேவ் பண்ணேக்க என்ர பேரைப் போடாதை பிள்ளை" என்றார். நான் 'குழாய்' என்று போட்டுக்கொண்டேன்.

இந்தக் குணம் தொழிலால் வந்தது. களுபோவில ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தவர். டொக்டர்மாரின் வீட்டு நம்பர்கள் முழுவதும் தலைக்குள் இருந்தன, ஒன்றுகூட வாயால் வெளியே வந்ததில்லை. யார் எடுத்தாலும் முதலில் அந்தப்பக்கம் கேட்பார், அவர்கள் சரி என்றால்தான் இணைப்பார். வீட்டுக்குப் புது லைன் எடுத்த ஒரு டொக்டர் தன் வீட்டு நம்பரை மறந்துபோய் அவரிடம் கேட்க, "நீங்கள்தான் டொக்டர் எண்டதுக்கு என்ன அத்தாட்சி சேர்?" என்று கேட்டாராம். அந்த டொக்டர் கீழே இறங்கி வந்து முகத்தைக் காட்டிய பிறகுதான் நம்பர் கிடைத்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் அக்காவின் முகத்தில் ஒரு பெருமை வரும்.

இது 2008ஆம் ஆண்டு, யுத்த காலத்துக் கதை. அப்போது கொழும்பில் தமிழர் எல்லோருக்குமே நம்பர் விஷயத்தில் கொஞ்சம் பயம் இருந்தது. பொலிஸ் யாரையாவது பிடித்தால் அவர் போனில் இருக்கிற நம்பர்களையெல்லாம் பார்ப்பார்கள். முன்பின் தெரியாதவர் போனில் நம் நம்பர் இருந்தால், அது எப்படி அங்கே போனது என்று நாம்தான் விளக்க வேண்டும். ஆகவே அக்காவின் நம்பர் பதினோரு பேருக்குத்தான் தெரியும். பத்தாவது ஆள் நான். பதினோராவது அவருடைய தம்பி சண்முகலிங்கம்.

சண்முகலிங்கம் கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜர். அக்கா கல்யாணம் செய்யவில்லை. தூக்கி வளர்த்த தம்பி அவர். அதுவரை அக்காதான் அவருடைய சங்கத்துக்கு எடுத்துக் கதைப்பார். ஜூலை மாதம் அப்படிக் கடைசியாகப் பேசியபோது, "இனி லைன் இருக்குமோ தெரியாது அக்கா, இடம்பெயர வேண்டி வரும்போல" என்றிருக்கிறார். அப்போதும் அக்கா தன் சட்டத்தை விடவில்லை. "நம்பரை எங்கையும் எழுதாதை. பாடமாக்கு. மனிசிக்கும் சொல்லாதை, அவள் கலண்டரில எழுதிக் கொழுவி வைப்பாள்." தம்பி பத்து இலக்கத்தையும் மூன்று தரம் ஒப்புவித்தார். பிறகு சத்தமே இல்லை. அன்றிலிருந்து அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டுதான் சமைப்பார், சாமி கும்பிடுவார், குளிக்கப் போனால் என்னிடம் தந்துவிட்டுப் போவார்.

அந்தப் போனில் இன்ரநெட் இருந்தது. அக்கா அதை ஒரே ஒரு காரியத்துக்குப் பாவித்தார்: காலையில் தேநீரோடு மரண அறிவித்தல் வாசிக்க. நம்மவர் ஒருவர் ஐரோப்பாவில் இருந்து நடத்தும் ஒரு சின்ன இணையத்தளம். மற்றத் தமிழ்ப் பக்கங்கள் அந்தப் போனில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்; மரண அறிவித்தல் படமாக வருவதால் இழுத்து இழுத்து வாசிக்கலாம். துக்கத்துக்காக அவர் வாசிப்பதில்லை. யார் எந்த நாட்டில், யாருக்கு யார் மருமகன், எந்தக் குடும்பத்தில் யாரோடு யார் கோபம் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். "பார் பிள்ளை, பாசமிகு சகோதரர் எண்டு நாலு பேரைப் போட்டிருக்கினம், மூத்தவரைக் காணேல்லை. காணிப் பிரச்சினை இன்னும் முடியேல்லை" என்பார். மேல்மாடி வரை கேட்கும்.

ஒக்டோபரில் ஒருநாள் கொட்டாஞ்சேனைத் தில்லைநாதன் காலமான அறிவித்தல் வந்தது. அக்காவோடு அதே ஆஸ்பத்திரியில் மருந்துப் பகுதியில் வேலை செய்தவர். அக்காவுக்குக் கவலைதான். ஆனால் கவலையைவிடப் பெரிய விஷயம் ஒன்று முதல் வரியிலேயே இருந்தது. கைதடியைப் பிறப்பிடமாகக் கொண்டவர் என்று போட்டிருந்தார்கள். தில்லைநாதன் நுணாவில் ஆள். செத்த மனிசனை ஊர் மாற்றி அனுப்புவதா? அக்காவால் தாங்க முடியவில்லை. கீழே அனுதாபம் எழுதும் பெட்டி இருந்தது. அதில் நம்பர் கேட்கிறார்களா என்று இரண்டு தரம் பார்த்தார்; கேட்கவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, "அன்னார் கைதடி அல்ல, நுணாவில். உடன் திருத்தவும். நாகேஸ்வரி, வெள்ளவத்தை" என்று அனுப்பினார். இரண்டு மணித்தியாலத்தில் ஊர் திருத்தப்பட்டிருந்தது. எனக்குக் காட்டிச் சந்தோஷப்பட்டார். அறிவித்தலின் அடிப்பக்கத்தை இரண்டு பேருமே இழுத்துப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் போன் அடித்தது. தெரியாத வெளிநாட்டு நம்பர். வழக்கமாக அக்கா எடுக்கமாட்டார். ஆனால் தம்பி எங்காவது போய்ச்சேர்ந்து வேறு யாரையாவது கொண்டு எடுப்பித்திருந்தால்? எடுத்தார்.

"ஐயோ தில்லையண்ணை போட்டாரே!" என்று ஒரு ஆண் குரல் அழுதது. டொரன்டோவில் இருந்து.

அடுத்தது லண்டன். பிறகு பாரிஸ், பிறகு நோர்வேயில் ஏதோ ஒரு ஊர். எல்லோரும் அக்காவிடம் துக்கம் விசாரித்தார்கள். கடைசிநேரத்தில் கஷ்டப்பட்டாரா என்று ஒருவர், பிரேதம் எடுப்பது எப்போது என்று இன்னொருவர். அறிவித்தலைத் திரும்பத் திறந்து அடிவரை இழுத்துப் பார்த்தோம். 'தொடர்புகளுக்கு' என்ற இடத்தில் மகள் அருந்ததியின் நம்பருக்குக் கீழே, 'நாகேஸ்வரி, இலங்கை' என்று போட்டு அக்காவின் பத்து இலக்கமும் பளிச்சென்று இருந்தது.

முப்பத்தொரு வருஷம் மற்றவர் நம்பரைக் காத்தவரின் நம்பர் உலகம் முழுக்கத் தொங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அடுத்தநாள் கொட்டாஞ்சேனைக்குப் போனோம், செத்தவீட்டுக்குச் சண்டை பிடிக்க. அக்கா வழி முழுக்க என்ன கேட்பது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே போனதும் அருந்ததி ஓடிவந்து கட்டிப்பிடித்து அழ, அக்காவும் அழுது, தேத்தண்ணீர் குடித்து, அரைமணித்தியாலம் கழித்துத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"நாங்கள் உங்கட நம்பரைக் குடுக்கேல்லை அன்ரி. எங்களிட்ட அது இருந்தால்தானே? அப்பா இருக்கேக்கயே நீங்கள் குடுக்கேல்லையாம் எண்டு சொல்லுறவர்."

நியாயமான பதில். அருந்ததி அந்த இணையத்தளக்காரருக்கே போன் போட்டுத் தந்தாள். அவர் பணிவாகத்தான் பேசினார். "நீங்கள் திருத்தம் அனுப்பினபடியால் குடும்பத்து ஆள் எண்டு நினைச்சுப் போட்டனான் அம்மா. நம்பர் உங்கட மெசேஜோடதான் வந்தது."

"நான் அனுப்பேல்லை."

"வந்ததே அம்மா. இல்லாட்டி எனக்கு எப்பிடித் தெரியும்?"

நம்பரை உடனே எடுக்கச் சொன்னார் அக்கா. எடுத்துவிடுகிறேன் என்று அவர் சொன்னார். நாங்களும் நம்பி வந்தோம்.

விளக்கம் புவாத்திடம் கிடைத்தது. காலி வீதியில் எங்கள் ஒழுங்கைமுனையில் போன் கடை வைத்திருந்தவர். அக்காவின் போனை வாங்கி, செட்டிங்கில் என்னவோ பார்த்து, திருப்பித் தந்தார்.

"இது ஒங்கட பிழையில்ல அக்கா. போனால நீங்க ஒரு பேஜத் தொறக்கிறண்டா, அது நேராப் போறல்ல. கம்பனிட மெஷின் ஒண்டுக்குள்ளால போகுது. அந்த மெஷின் சில நேரம் ஒங்கட நம்பரையும் எழுதி அனுப்பி வுடும். கடிதத்துக்குப் பின்னால அனுப்புறவர்ட விலாசம் இரிக்கிற மாதிரி. ஒங்களுக்கு வெளங்காது, அங்கால உள்ளவனுக்கு வெளங்கும். ரிங்டோன் விக்கிறவனெல்லாம் இப்பிடித்தான் நம்பர் புடிக்கிறான்."

"என்னைக் கேக்காமலோ?"

"கேட்டா நீங்க குடுப்பீங்களா?"

அக்காவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "முப்பத்தொரு வருஷம் புவாத்! ஒரு கோலை நான் கேக்காமல் இணைச்சதில்லை. இந்த மெஷினுக்கு ஆர் ஒப்பரேட்டர் வேலை குடுத்தது?" கடைக்கு ரீலோட் பண்ண வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புவாத் பாவம், அவர்தான் மெஷினைச் செய்தவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "புது சிம் ஒண்டு போடுங்க அக்கா, அஞ்சு நிமிஷ வேல" என்றார்.

அக்கா போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "ஏலாது. தம்பிக்கு இந்த நம்பர்தான் தெரியும்."

அதுதான் சிக்கல். நம்பரை மாற்றினால் தம்பி தொலைந்தார். மாற்றாவிட்டால் உலகமே அடிக்கும், ஒவ்வொன்றையும் எடுக்கவும் வேண்டும், எது தம்பியுடையது என்று தெரியாதே. இணையத்தளக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று ஒரு மாதத்தைக் கடத்தினார்.

முதல் வாரம் அக்கா எல்லோரிலும் எரிந்து விழுந்தார். இரண்டாவது வாரம் பழைய தொழில் அவரைப் பிடித்துக்கொண்டது. "நாகேஸ்வரி கதைக்கிறன், ஆரோட கதைக்க வேணும்?" என்று தொடங்குவார். எட்டாம் நாள் எட்டுச்செலவு எப்போது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எங்கே என்பதெல்லாம் கொப்பியில் குறித்து வைத்திருந்து சொல்லுவார். அருந்ததியின் நம்பரைக் கேட்டால் மட்டும், "உங்கட நம்பரைச் சொல்லுங்கோ, அவவிட்டக் கேட்டுப்போட்டு அவவை எடுக்கச் சொல்லுறன்." அருந்ததியின் நம்பரும் அதே அறிவித்தலில் இவருடையதுக்கு மேல்வரியில்தான் இருந்தது. அதைச் சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது.

இப்படி எடுத்தவர்களில் ஒருவர் சுவிஸில் பேர்ணில் இருந்த ஸ்ரீஸ்கந்தராசா. துக்கம் விசாரித்துக்கொண்டு போக, ஊர்க்கதை வந்து, கடைசியில் அவர் சண்முகலிங்கத்தின் மனைவி சிவக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று தெரியவந்தது. அக்கா சொந்தத்தைக் கண்டு மகிழ்ந்தார், அதுவும் ஒரு நிமிஷந்தான்.

"அப்ப இந்த நம்பரை உங்கட பேரில சேவ் பண்ணிறன் அக்கா."

"சேவ் பண்ணாதையும்! உடனை அழியும்."

"சொந்தக்காரர்தானே…"

"சொந்தம் வேற, நம்பர் வேற. அழிச்சாச்சோ?"

"ஓம் அக்கா, அழிச்சிட்டன்" என்றார் அந்த மனிதர். அக்கா என்னைப் பார்த்து, ஒரு கடமை முடிந்ததுபோலத் தலையை ஆட்டினார்.

நவம்பர் முடிவில் ஒரு காலை எங்கள் ஒழுங்கையில் ஆமியும் பொலிஸும் வந்து சுற்றிவளைப்பு. அடையாள அட்டை, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பொலிஸ் பதிவு எல்லாம் பார்த்துவிட்டு ஒரு அதிகாரி அக்காவின் போனைக் கேட்டு வாங்கினார். வந்த அழைப்புகளின் வரிசையில் அவருடைய விரல் நின்றுவிட்டது. கனடா, லண்டன், பிரான்ஸ், ஜேர்மனி, திரும்பவும் கனடா.

"மே நம்பர காகெத?" யாருடைய நம்பர்கள் இவை என்று கேட்டார்.

அக்கா ஆஸ்பத்திரிச் சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார். இறந்தவர் தில்லைநாதன், தான் சொந்தமில்லை, ஊர் பிழையாக இருந்தது, மெஷின் கேட்காமல் நம்பரைக் கொடுத்தது… எனக்கே அது பொய்போலத்தான் கேட்டது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அதிகாரி தானே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "மாமா! என்ர மாமா! முகத்தைக்கூடப் பாக்கேல்லையே!" என்று ஒரு பெண் ஒழுங்கை முழுக்கக் கேட்க ஒப்பாரி வைத்தாள். அதிகாரிக்கு மொழி விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கிவிட்டது. போன் கையைச் சுட்டதுபோல அதை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். அக்கா அவர் முன்னாலேயே, "அழாதையுங்கோ பிள்ளை, முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியம் வடிவா நடந்தது, வடை பாயாசத்தோட" என்று ஆறுதல் சொல்லி முடித்தார்.

அவர்கள் போன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. பதிவில் வீட்டுக்காரி என்று என் பெயர்தான் இருந்தது. அந்தப் பயம் கோபமாக மாறியது. "சிம்மை மாத்துங்கோ, இல்லாட்டி வீட்டை மாத்துங்கோ" என்று சொல்லிவிட்டேன். அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் வீடு பார்க்கத் தொடங்கியிருந்தார் என்று புவாத் சொல்லித்தான் தெரியும். தெகிவளையில் ஒரு அறை. சிம்மை விடுவதாக இல்லை. நான் கீழே இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ பயந்தது சரிதானே பிள்ளை" என்றார், தெகிவளைக்குப் போகவில்லை. அந்த வாரமே இணையத்தளக்காரரும் ஒருவழியாக நம்பரை எடுத்துவிட்டார். போன் அடிப்பது குறைந்து, நின்றே போனது.

நிம்மதி என்றுதான் நினைத்தோம். ஆனால் ஜனவரி வந்தது, கிளிநொச்சி விழுந்தது, சனம் கிழக்கே கிழக்கே போகிறது என்று செய்தி வந்தது. போன் அடிக்கவில்லை. பெப்ரவரி, மார்ச். அக்கா இடைக்கிடை என்னைக் கூப்பிட்டு, "ஒருக்கா என்ர நம்பருக்கு அடிச்சுப் பார்" என்பார், லைன் வேலைசெய்கிறதா என்று பார்க்க. மரண அறிவித்தல் வாசிப்பதை விட்டுவிட்டார். கேட்டதற்கு, அந்த மெஷினில் கோபம் என்றார். காரணம் அதுவல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஏப்ரலில், புதுவருஷம் கழிந்து நாலைந்து நாளிருக்கும், காலையில் நான் அனெக்ஸ் வாசலில் நிற்கும்போது போன் அடித்தது. உள்ளூர் நம்பர், தெரியாதது.

"நாகேஸ்வரி கதைக்கிறன், ஆரோட கதைக்க வேணும்?"

"மச்சாள்… நான் கொழுந்து."

சிவக்கொழுந்து. வவுனியா ஆஸ்பத்திரியில் இருந்து, யாரோ ஒருவருடைய போனில். அக்கா கதிரையைத் தேடினார், நான் இழுத்துக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

தம்பி இருந்தார். தலையில் காயம், ஆனால் இருந்தார். வந்து ஆறு நாளாம். முதல் நாளில் இருந்தே அக்காவின் நம்பரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், ஆனால் ஒன்பது இலக்கம்தான் வருகிறது. எந்த இடத்தில் எது விட்டுப்போனது என்று அவருக்கும் தெரியவில்லை. கண்டபாட்டுக்கு ஒவ்வொன்றாகப் போட்டு, யார்யாரோ எடுத்து ஏசியிருக்கிறார்கள். கடைசியில் சிவக்கொழுந்துக்கு நினைவிருந்த ஒரே வெளிநாட்டு நம்பர் பேர்ண் தம்பியுடையது. அவருக்கு எடுத்தால், அக்காவின் நம்பர் அவரிடம் இருந்தது.

"அவர் அழிச்சிட்டன் எண்டவரெல்லோ?" என்றார் அக்கா.

"பொய்தானாம் மச்சாள். உங்களிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னவன்."

அக்கா சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பிறகு போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"அக்கா" என்றது ஒரு மெலிந்த குரல். "உங்கட நம்பரை… நான் எழுதேல்லை அக்கா. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"சொல்லு பாப்பம்" என்றார் அக்கா.

அவர் சொன்னார். நடுவில் இரண்டு எட்டு வர வேண்டிய இடத்தில் ஒரு எட்டுத்தான் வந்தது.

"ரெண்டு எட்டடா, ராசா." அக்கா கண்ணைத் துடைத்தார். "இப்ப ஒரு பேனையும் துண்டும் வாங்கு. எழுது. கொழுந்துக்குக் குடு, கலண்டர் கிடைச்சால் அதிலயும் எழுதச் சொல்லு. பக்கத்துக் கட்டில்காரருக்கும் குடு. கொழும்பில ஆரும் சொந்தக்காரர் இருக்கினம் எண்டால், என்னட்ட விலாசத்தைச் சொல்லச் சொல்லு. எல்லாருக்கும் குடு."

அன்று மத்தியானத்துக்குள் ஒன்பது பேர் எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. மட்டக்குளியில் இருக்கிற மகனுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவர், தெமட்டகொடையில் ஒரு தங்கச்சி என்று இன்னொருவர். அக்கா கொப்பியில் புதுப்பக்கம் புரட்டி எழுதிக்கொண்டிருந்தார். பத்தாவது அழைப்புக்கு அவர் சோறு வாயில் வைத்திருந்ததால் நான்தான் எடுத்தேன்.

"இது நாகேஸ்வரியக்காவின்ர நம்பர்" என்றேன். "ஆரோட கதைக்க வேணும்?"